கம்பிவலைப் பாட்டில்

உவரிக்கா போறிய? அந்தோணியார் கோயிலுக்கா? நல்லது, நல்லது. நான் முன்னாலயே மணப்பாட்டுல எறங்கிருவேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்தப் பை கால இடிச்சா சொல்லுங்க, மடியில வச்சுக்கிடுதேன். உள்ள ஒண்ணுமில்ல, மக்ரோன்தான். அண்ணனுக்கு மக்ரோன்னா உசிரு. வெறுங்கைய வீசிட்டுப் போயி அப்படி ஒரு விசயத்தச் சொல்ல முடியுமா?

என்ன விசயம்னு நீங்க கேக்கல, சரி. ஆனா உங்க மொகம் கேக்குற மொகமாத்தான் இருக்கு. எங்க பங்குச் சாமியார்ட்ட சொல்லலாம்னு பாத்தேன். முடியாது. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு நான் போடுற வைன வாங்கிக் குடிக்கவரு அவரு. அடுத்த தடவ கிளாஸக் கையில வாங்கும்போது அவருக்கு என்னென்ன தோணும்? உங்கள நான் இனிமே பாக்கப் போறதில்ல. அதனால உங்கள்ட்ட சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்கம்மா. எம்மேல பெருசா தப்பு கெடையாது. வெயில் மேல கொஞ்சம் உண்டு, அண்ணன் மேல கொஞ்சம் உண்டு. எம்மேல இருக்கது ஏதோ ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கது.

என் பேரு மெட்டில்டா. தூத்துக்குடியில வைன் மெட்டில்டான்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ள கூட வீட்டக் காட்டும். கறுப்புத் திராட்சையக் கழுவித் தொடச்சு, கையால நசுக்கி, சீனி போட்டு, கோதுமை ஒரு கை போட்டு, பட்டை கிராம்பு போட்டு, சாடியில வச்சுத் துணிய வேடு கட்டிருவேன். மரக்கரண்டியாலதான் கிண்டணும். தொண்டையில எறங்கும்போது தேன் மாதிரி எறங்கும். எங்க அண்ணன் இத்தன வருசமா ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு, "மெட்டில்டா, ஒன் கைப்பக்குவம் எவளுக்கும் வராது"ன்னு சொல்லிட்டுத்தான் எந்திப்பாவ. இத மறந்திராதீங்க. பின்னால இதுக்கு வேலையிருக்கு.

அண்ணன் பேரு தொபியாஸ். கப்பல்ல சமையல்காரரா இருந்தாவ. ஒரு தடவ ஸ்பெயின் தேசத்துல ஒரு துறைமுகத்துல கப்பல் போயி நின்னப்ப, மொதலாளி கைய விரிச்சுட்டான். சம்பளமும் இல்ல, சாப்பாடும் இல்ல. ஊருக்கு வரவும் வழியில்ல. மைனி இங்க நெறமாசமா இருக்காவ. அந்த நேரத்துல பெர்மின்னு ஒரு மனுசர், திராட்சத் தோட்டக்காரர், துறைமுகத்துக்கு ஏதோ சோலியா வந்தவரு, அண்ணன வண்டியில ஏத்தி அவரு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. ரியோகான்னு பேரு. அங்க பழம் பறிக்கிற காலம். அண்ணன் அவிய கூடவே சாப்பிட்டு, அவிய வீட்டுலயே படுத்து, பழம் பறிச்சாவ. அப்பத்தான் இங்க புள்ள பொறந்த சேதி போச்சு. பெர்மின் என்ன செஞ்சாவ தெரியுமா? அன்னைக்குப் பறிச்ச பழத்தத் தனியா ஒரு பீப்பாயில போட்டு, சாக்கட்டியால "பபியோலா"ன்னு எழுதி வச்சுட்டாவ. எங்க அண்ணன் மகளுக்குப் பேரு வச்சதே அந்த மனுசர்தான். மணப்பாட்டுல பொறந்த புள்ளைக்கு ஸ்பெயின்ல பேரு விட்டாச்சு!

அந்தப் பீப்பா வைன உடனே குடுக்கல. ரெண்டு வருசத்துக்கு மேல ஓக் மரப் பீப்பாய்க்குள்ள, பொறவு பாட்டிலுக்குள்ள அதவிட கூட. அண்ணன் வேற கப்பல்ல அந்தப் பக்கம் போனப்ப பெர்மின் ஒரு பாட்டிலக் கையில குடுத்து, "ஒம் மக கல்யாணத்துக்குத் தொற, அதுக்கு முன்னால தொறக்காத"ன்னு சொல்லி அனுப்பிருக்காவ. மிச்சப் பாட்டில அவியளே வச்சுக்கிட்டாவ.

இதுல அண்ணன் சொல்ற பேன் கதை ஒண்ணு உண்டு. கிறிஸ்துமஸு, ஈஸ்டரு, யாரு வீட்டுப் புள்ளைக்குப் புது நன்மை விருந்துன்னாலும் அந்தக் கதைய ஆரம்பிச்சிருவாவ. பிரான்ஸ் தேசத்துல திராட்சக் கொடிக்கு வேர்ல பேன் புடிச்சுதாம். தோட்டம் தோட்டமா காஞ்சு போச்சுதாம். வைன் யாவாரிக என்ன செய்ய? மலையத் தாண்டி ரியோகாவுக்கு வந்துட்டாவளாம். அங்கன உள்ளவிய அதுவரைக்கும் பெரிய தொட்டியில போட்டு அந்தந்த வருசமே குடிச்சுத் தீத்துக்கிட்டு இருந்தவியளாம். அவியளுக்குச் சின்னப் பீப்பாயில ஊத்தி வருசக்கணக்கா காத்திருக்கக் கத்துக் குடுத்தது பிரான்ஸ்காரனாம். பொறவு பேனு ஸ்பெயினுக்கும் வந்துச்சு. அமெரிக்காவுல இருந்து வேரு கொண்டாந்து, அதுல இவிய கொடிய ஒட்டுப் போட்டுப் பொழைச்சுக்கிட்டாவளாம். பிரான்ஸ்காரன் ஊரப் பாத்துப் போயிட்டான். ஆனா கத்துக் குடுத்தவன விட கூட வருசம் கத்துக்கிட்டவன் காத்திருந்தானாம். "பொறுமையத்தான் அவனுக வைனா காச்சுதானுக"ம்பாவ அண்ணன். ஒரு பேனுக்கு இவ்வளவு நீளமா கதையான்னு நான் கொட்டாவி விட்டுக்கிட்டே கேப்பேன்.

அந்தப் பாட்டில எங்கிட்ட குடுத்து வச்சாவ. மணப்பாட்டுல அவிய வீடு கடலப் பாத்த வீடு, ஓட்டுக் கூரை, அனல் தகிக்கும். எங்க வீட்டுல சாடி வைக்கிற ரூமு பழைய காலத்துச் சுவரு, இருட்டு, குளுகுளுன்னு இருக்கும். படுக்கப் போடணும், ஆட்டக்கூடாது, வெளிச்சம் காட்டக்கூடாதுன்னாவ. பச்ச ஒடம்புக்காரிக்குக் கூட அவ்வளவு பத்தியம் கெடையாது. நானும் பழைய சேலையச் சுத்தி, மரப்பொட்டிக்குள்ள படுக்கப் போட்டுத்தான் வச்சிருந்தேன். அந்த ரூமுல வெளக்குமாறு போட்டாக்கூட மெதுவாத்தான் போடுவேன். யாரும் என்ன ஒண்ணும் சொல்ல முடியாது, வெயில் வார வரைக்கும்.

இந்த வருசம் வெயில் எப்படிப் போட்டுக் காச்சுச்சு, நீங்களே பாத்தியள்லா? பபியோலா கல்யாணம் மே மாசம். ஈஸ்டர் முடிஞ்சு ஒரு நாள் சாடிய நகத்தப் போனா, பொட்டிக்குக் கீழ செவப்பா ஈரம். சேலையப் பிரிச்சுப் பாத்தா, மூடித் தகடு உப்புக் காத்துல அரிச்சுப் போயி, தக்கை பாதி வெளிய தள்ளிட்டு நிக்கி. கையால தொட்டேன், வந்துட்டு. நான் தொறக்கல, பாத்துக்கிடுங்க. தானா வந்துச்சு.

ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். இனிப்புன்னு பேருக்குக் கூட இல்லம்மா. ஒரே தொவர்ப்பு. புகையில வாசம், பழைய தோல்செருப்பு வாசம், காஞ்ச அத்திப்பழம் கணக்கா ஒரு வாசம். அடியில கறுப்பா கசடு. கெட்டுத்தான் போச்சான்னு தெரியணும்லா, இன்னொரு மடக்கு குடிச்சேன். அப்பவும் சரியாத் தெரியல, இன்னொரு மடக்கு. வாய்க்குள்ள ரொம்ப நேரம் அது போகவே இல்ல, என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு. நாப்பது வருசமா வைன் போடுதவ நான். கெட்டுப்போனது எதுன்னு எனக்குத் தெரியாதா?

அண்ணன்ட்ட சொல்லத்தான் நெனைச்சேன். போனக் கையில எடுத்தேன். ஆனா அவிய கல்யாணப் பேச்ச எடுத்தாலே அந்தப் பாட்டிலத்தான் சொல்லுதாவ. பந்தல் எப்படி, பொண்ணுக்குச் சேலை எப்படின்னு எல்லாரும் கேட்டா, இவிய பாட்டில் நல்லாருக்கான்னு கேப்பாவ. அந்த மனுசர்ட்ட போயி, ஒங்க மக கூடவே பொறந்தது எங்க வீட்டுல செத்துப் போச்சுன்னு எந்த வாயால சொல்ல? அதனால நான் நல்ல மனசோடதான் செஞ்சேன்.

என் வைன்லயே நல்லதா, பட்டை கிராம்பு போடாதது, பழைய சாடியில தெளிஞ்சது ஒண்ணு இருந்துச்சு. மூணு தடவ வடிகட்டினேன். ஊத்தினேன். தக்கைய உள்ள எறக்கி, பலிபீட மெழுகுதிரித் துண்ட உருக்கி மேல ஊத்திட்டேன். "தகட்ட உப்புக்காத்து அரிக்கி, அதான் மெழுகு போட்டேன்"னு சொன்னதுக்கு அண்ணன், "ஒனக்குத்தான் இந்தப் புத்தி வரும்"னாவ.

அந்த வலை இருக்கே, அதச் சொல்ல விட்டுட்டேன். பாட்டில் மேல தங்க நெறத்துல கம்பி வலை சுத்தியிருக்கும். அந்தக் காலத்துல நல்ல பாட்டிலக் காலி பண்ணி, மட்டச் சரக்க ஊத்தி விக்கிற களவாணிப் பயலுவ கைவைக்கக் கூடாதுன்னு போட்டதாம். வலைய அறுக்காமத் தொறக்க முடியாதும்பாவ அண்ணன். எங்க அப்பா வலைக்காரரு. நான் நடக்கதுக்கு முன்னாலயே முடிச்சுப் போடப் படிச்சவ. கீழ ஒரு முனைய நெகுத்தி, அப்படியே சட்டை கழத்துற மாதிரி மேல உருவி எடுத்தேன், திரும்பவும் மாட்டிட்டேன். ஒரு கம்பி கூட ஒடியல. ஸ்பெயின்காரனுக்கு வலைன்னா என்னன்னே தெரியலம்மா! கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு அப்ப.

பழைய வைன என்ன செஞ்சேன்னா கேக்கிய? வைன சாக்கடையில ஊத்த மனசு வருமா? பன்னிக்கறிய அதுல ஊறப்போட்டேன். கல்யாணத்துக்கு அழைக்க அண்ணனும் மைனியும் வந்த அன்னைக்கு அதத்தான் வச்சேன். அண்ணன் ரெண்டாந்தரம், மூணாந்தரம் வாங்கிச் சாப்பிட்டுட்டு, எலும்ப உறிஞ்சிக்கிட்டே, "என்ன போட்ட மெட்டில்டா, இப்படி ஒரு கறிய நான் எந்தத் தேசத்துலயும் தின்னதில்ல"ன்னாவ. மசாலான்னு சொன்னேன்.

பொறவு கல்யாணம். கோயில் பூசை முடிஞ்சு மண்டபத்துல கேக் வெட்டி, எல்லாரும் கிளாஸத் தூக்கி வாழ்த்துச் சொல்லணும்லா, அண்ணனே மைக்கப் புடிச்சாவ. பேன் கதை, பிரான்ஸு, மலை, பீப்பா, பெர்மின். மாப்பிள்ள வீட்டுக்காரவிய கூட கண்ணு கலங்கிட்டாவ. நான் தட்டுல கிளாஸ் வச்சுக்கிட்டு மேடையில நிக்கேன். அப்ப அண்ணன் சொல்லுதாவ, "இந்த வைன் இனிக்காது. இதுல புகையில வாசம் இருக்கும், பழைய தோல் வாசம் இருக்கும், காஞ்ச அத்திப்பழம் இருக்கும். மொதல்ல தொவர்க்கும். கொஞ்சம் பொறுத்திருந்தா அது ஒங்களோட பேசும்."

தட்டு ஆட ஆரம்பிச்சுட்டு. கிளாஸெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதிக் கிணுகிணுங்குது. மைனி, "என்ன மெட்டில்டா, மயக்கமா?"ங்காவ. எனக்கு அந்த எடத்துலதான் வெளங்குச்சு, நான் கறியில ஊத்தினது என்னன்னு. இத்தன வருசம் பேன் கதையச் சொன்ன மனுசன், ருசி எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது சொல்லிருக்கலாமா இல்லியா? நீங்களே சொல்லுங்க. சொல்லிருந்தா நான் செஞ்சிருப்பனா?

அப்பக்கூட நிறுத்திருக்கலாம். நிறுத்தல. அண்ணன் ஒரு வாய் குடிச்சாவ. மொகத்துல ஒண்ணும் காட்டல. சிரிச்சாவ, முழுங்கினாவ. மாப்பிள்ளையோட அப்பா, "ரொம்ப நல்லா இருக்கு, ஸ்வீட்டா இருக்கு"ன்னு இன்னொரு கிளாஸ் கேட்டாரு.

எல்லாரும் சாப்பிடப் போன பொறவு அண்ணன் பின்னால நாக்காலி அடுக்கி வச்சிருந்த எடத்துல தனியா உக்காந்திருந்தாவ. நான் போயி நின்னேன். "பெர்மின் என்ன ஏமாத்திட்டான் மெட்டில்டா. வலை அறுபடாமத்தான் இருந்துச்சு, உள்ள இருக்கது வெறும் சக்கரத் தண்ணி. ஏதோ கடைச் சரக்க ஊத்திக் குடுத்துருக்கான். இத்தன வருசம் நான் அந்தாள அப்பன் மாதிரி நெனைச்சேனே"ன்னு சொல்லி அழுதாவ. மக கல்யாணத்தன்னைக்கு அந்த மனுசன் அழுதத மைனி கூடப் பாக்கல, நான்தான் பாத்தேன்.

சக்கரத் தண்ணி! கேட்டியளா? வருசம் தவறாமக் குடிச்சுட்டு கைப்பக்குவம்னு மெச்சின அதே நாக்கு. பெர்மின் பேருல குடிச்சா சக்கரத் தண்ணி ஆயிட்டு. அந்த எடத்துல எனக்கு வந்த கோவத்துல, சொல்ல வந்தது வாய்க்குள்ளயே நின்னு போச்சு. அந்தக் கோவம் ஒரு நாள்தான் இருந்துச்சு. மத்தது போகல.

பொறவு அண்ணன் பெர்மினுக்குப் போன் போட்டு நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டாவ. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெண்டு வீடும் போன்ல பாட்டுப் பாடிக்கிடும், இனிமே அதெல்லாம் வேண்டாம்னுட்டாவ. அந்த மனுசருக்கு எம்பது தாண்டிட்டு. நெலவறைக்குள்ள எறங்கிப் போயிருக்காவ. பபியோலா பீப்பாயில உள்ளதுன்னு மிச்சம் பாட்டில் வச்சிருந்தாவள்லா, தப்பு எங்கன்னு பாக்கணும்னு ஒண்ணொண்ணாத் தொறந்துட்டாவ. ஒண்ணு விடாம எல்லாத்தையும். எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சாம். இனிமே அந்தப் பீப்பா வைனு இந்த ஒலகத்துலயே கெடையாது.

இத அண்ணன் எங்கிட்ட சொன்னப்ப, "பாத்தியா, நாடகம் போடுதான்"னாவ. நான் அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன்.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாவ. கையில போன். "பெர்மின் கூப்பிட்டிருந்தாரு. ஒன்னோட பேசணுமாம்"னாவ. நான் கைய முந்தானையில தொடச்சுட்டு வந்து பாத்தா, போன்ல ஒரு கெழவர். தொப்பியக் கழத்தி நெஞ்சுல வச்சுக்கிட்டு இருக்காவ. பின்னால காலிப் பாட்டில் வரிசையா நிக்கி. என்னமோ பேசினாவ, பேசப் பேசத் தாடை நடுங்குது. அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாவ: "எங்க கையில எங்கயோ தப்பு நடந்திருக்கு. எப்படின்னு தெரியல. யாரு மேலயும் பழி போடல, வீட்டுக்குப் பெரியவன் நான்தான், தப்பு என்னோடது. ஒரு பொம்பள இத்தன வருசம் இருட்டு ரூமுல புள்ள மாதிரி வச்சுக் காத்திருக்கா. அவளுக்கு நான் குடுத்தது இதுவா? அவ என்ன மன்னிக்கணும்."

இங்க பாருங்கம்மா, வந்துட்டு. தொண்டைக்கு வந்துட்டு. சொல்லிருப்பேன். ஆனா அண்ணன் எந் தோளத் தொட்டு, "சொல்லு மெட்டில்டா, பாவம், வயசான மனுசன். எனக்குமே மனசு எறங்கிட்டு. ஒரு வார்த்த சொல்லு"ன்னாவ.

நான், "மன்னிச்சுட்டேன்"னு சொல்லிட்டேன்.

அந்த மனுசர் அழுது, சிரிச்சு, வெரலுக்கு முத்தங் குடுத்து என் பக்கமா நீட்டினாவ. என்ன ஆசீர்வாதம் பண்ணினாவ. அண்ணன், "நீ பெரிய மனசுக்காரி"ன்னாவ. அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல. படுத்தா அந்தத் தாடை நடுங்குறதுதான் தெரியுது. பாவிம்மா நான். ஓரத்துல ஒட்டிக்கிட்டுன்னு சொன்னேன்லா, பொய்யி. முழுசும் நான்தான்.

அதான் இன்னைக்கு விடியவுமே அண்ணனுக்குப் போன் போட்டு, "ஒரு விசயம் பேசணும், வாரேன்"னுட்டேன். பஸ் ஏறிட்டா மனசு மாறாதுல்லா. போயி உக்காந்த ஒடனே சொல்லிரணும். தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. "அண்ணே, அது என் வைனு." அவ்வளவுதான். நாலே வார்த்த. இப்ப உங்கள்ட்ட சொல்லிட்டேன்லா, அது மாதிரி.

மணப்பாடு வந்துட்டா? அதுக்குள்ளயா?

அந்தா, கடைக்கு முன்னால நிக்காவ பாருங்க, வெள்ளச் சட்டை. அவியதான். ஸ்டாப்புக்கு வரச் சொல்லி நான் சொல்லவே இல்லியே. இந்த வெயில்ல கூட்டிட்டுப் போக வந்திருக்காவ. ஜன்னல் ஜன்னலாப் பாக்காவ.

கண்டக்டர் தம்பி, நான் எறங்கல. எனக்கு உவரிக்கு ஒரு டிக்கெட் குடுங்க.

நீங்க கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்கம்மா. நான் குனிஞ்சுக்கிடுதேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அந்தோணியார்ட்ட மொதல்ல சொல்லிட்டு வந்துருதேன். சாயங்காலம் வரும்போது எறங்கிச் சொல்லிக்கிடலாம்.

வண்டி எடுத்துட்டானா? திரும்பிப் பாக்காதீங்க. கண்ண மட்டும் திருப்பிப் பாத்துச் சொல்லுங்க.

இன்னும் அங்கனயேதான் நிக்காவளா?